ஒப்பாரிக் கோச்சி

நம் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய சிலோன் வீட்டுப் பெண்கள் யாரிடமாவது "ஒப்பாரிக் கோச்சி" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார்கள். கோச்சி என்றால் ரயில். சிங்களத்தில் கோச்சிய என்பார்கள். நாங்கள் அதைக் கோச்சி ஆக்கிக்கொண்டோம். ஹட்டன், கொட்டகலை, நானுஓயா போன்ற மலை ஸ்டேசன்களிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர்தான் ஒப்பாரிக் கோச்சி. எந்த அதிகாரியும் வைத்த பெயர் அல்ல.

அந்தக் கோச்சியில் நான் ஏறியது 1974 ஜனவரிக் கடைசியில், பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, தள்ளிப்போட்டு, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் கடைசியில் தானே தெரியும்.

முதலில் ஒரு விஷயம். இங்கே டீக்கடையில் நம்மை இன்னும் "அகதிங்க" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அகதி என்பவர் 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். நாங்கள் இந்திய பாஸ்போர்ட்டோடு, இரண்டு அரசாங்கங்கள் போட்ட கையெழுத்தின்படி, பெட்டியில் பெயர் எழுதி அனுப்பப்பட்டவர்கள். சர்க்கார் பாஷையில் தாயகம் திரும்பியோர். அந்தச் சொல்லிலும் எனக்குச் சம்மதம் இல்லை. என் அப்பா பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா பிறந்தது பொகவந்தலாவையில். நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் லயத்தில் பிறந்தவர்கள். ஏழு பேர் வந்ததில் திரும்பி வந்தவர் என்றால் எங்கள் தாத்தா ஒருவர்தான்.

தாத்தா 1925ல் துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர். பதினான்கு வயது. மழை பொய்த்து வயிற்றுக்கு இல்லாத வருஷம், கங்காணி ஒருவர் ஊருக்கு வந்து ஆள் பிடித்தார். மண்டபத்தில் முகாம், அங்கே வைத்துத் தடுப்பூசி, உடம்புப் பரிசோதனை எல்லாம் முடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றினார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்தபிறகு போன கூட்டம் இது. அதற்கு முந்திப் போன பாட்டன் பூட்டன்கள் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. தாத்தா காலத்தில் கழுத்தில் தகரத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்புவார்களாம். இன்ன தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கு அது அடையாளம்.

"எங்க ஆத்தாகிட்ட மூணு வருசத்துல வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்டா" என்பார் தாத்தா. அதை அவர் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். 1939ல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று தோட்டத்தில் பயம். அதற்குள் தாத்தாவுக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள். மூன்று வருஷம் முப்பது ஆயிற்று.

1948ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டமும் வந்தது. இங்கே பிறந்தால் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். அதைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பேர்ச்சீட்டு எடுத்து வைத்தார்கள்? 1947 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட தாத்தாவும் அவர் சோட்டு ஆட்களும் அடுத்த தேர்தலில் நாடில்லாதவர்களாகிப் போனார்கள். அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென்று இன்னொரு சட்டம் போட்டார்கள். அதில் மனுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை என்றே பதில் வந்தது.

இப்படிப் பதினாறு வருஷம் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பதினைந்து வருஷத்தில் முடிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட சனங்களையோ அவர்களுடைய தலைவர்களையோ கலந்து பேசவில்லை. இரண்டு பேரையும் நான் குறை சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்த எண்களை எப்போது எழுதினாலும் என் கை ஒரு கணம் நின்றுதான் எழுதுகிறது.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. தாத்தா கப்பல் ஏறிய துறைமுகம், ஸ்டேசன், எல்லாம். பேப்பரில் வாசித்துச் சொன்னபோது அவர், "திரும்பிப் போற வழிய கடலே அடைச்சிருச்சு" என்றாராம். அடையவில்லை. ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள்.

மனுப் போடுவதற்கு 1968 மே முதல் 1970 ஏப்ரல் வரை இரண்டு வருஷம் கொடுத்திருந்தார்கள். அங்கேதான் வீடுகள் பிளந்தன. ஒப்பந்தம் போட்டவர்கள் நினைத்ததற்கு மாறாக, இந்தியா வேண்டும் என்று கேட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். இலங்கையே வேண்டும் என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். எல்லாரும் தாய்நாட்டுக்கு ஓடிவரத் துடித்தார்கள் என்று இங்கே சிலர் மேடையில் பேசுவார்கள். அப்படி இல்லை.

எங்கள் லயத்தில் ஒவ்வொரு ராத்திரியும் இதே பேச்சு. 1958 கலவரத்தைப் பார்த்தவர்கள் "போயிருவோம்" என்றார்கள். அப்பன் ஆத்தாளைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்றார்கள் சிலர். அப்பா இரண்டு வருஷமும் மனுவைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கடைசி மாதம்தான் எடுத்து நிரப்பினார். தாத்தா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அவர் சாயங்காலம் பீலிக்கரைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அப்பா இந்தியாவுக்கு எழுதினார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

இதற்கிடையில் 1969 வைகாசியில் என் பெரியக்காவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மச்சான் பக்கத்து டிவிசன். நடந்தால் அரை மணி. கல்யாணம் ஆகிவிட்டதால் அக்கா பெயர் எங்கள் மனுவில் வராது. மச்சானின் அப்பா இலங்கைக்கு எழுதிவிட்டார். அவ்வளவுதான். அக்காவை யாரும் கேட்கவில்லை. எந்த நாடு வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை. யாரும் கேட்காததை எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. 1967ல் போட்ட சட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு விகிதம் வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இலங்கைக் குடியுரிமை நான்கு பேருக்கு. அதாவது ஒரு பக்கத்து ஆட்கள் கப்பல் ஏறினால்தான் மறுபக்கத்தில் காகிதம் நகரும். எங்கள் பெமிலி கார்டில் தாத்தா, அப்பா, அம்மா, நான், தம்பி, இரண்டு தங்கச்சிகள். மொத்தம் ஏழு. அக்கா வீட்டில் மாமனார், மாமியார், மச்சான், அக்கா. நான்கு. பாஸ்போர்ட் வந்த செய்தி கேட்டு வந்திருந்த அக்காவின் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சம்பந்தி, நீங்க ஏழு பேரு போறீங்க, நாங்க நாலு பேரு இருக்கோம். கணக்கு சரியாப் போச்சு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா மடியில் எட்டு மாதப் பிள்ளை. பிறகு பிறக்கும் பிள்ளைகள் அந்த லட்சக் கணக்கில் சேர்த்தி இல்லை. அவர்களை இயற்கைப் பெருக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

1973, 74ல் மலையில் பஞ்சம். பழைய ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாவு இல்லை, அரிசி இல்லை, பாணுக்கு விடியக்காலையில் வரிசை. தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் நான்கு நாள் வேலை. பட்டினியில் செத்தவர்கள் உண்டு. போவதா இருப்பதா என்று தயங்கியவர்களையும் அந்தப் பஞ்சம்தான் கோச்சியில் ஏற்றியது.

புறப்படுவதற்கு முந்தின ஒரு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் கல்யாண வீடா சாவு வீடா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு. பஞ்சத்திலும் கோழி அடித்தார்கள். அந்தக் கோழிக் குழம்பைத் தின்னும்போது ஒருவரும் பேசமாட்டார்கள். ஹட்டனில் ஸ்டூடியோவுக்குப் போய் படம் எடுத்தோம். அக்கா, மச்சான், பிள்ளையையும் சேர்த்து ஒரே படம். பணம் இல்லாததால் இரண்டே பிரதி.

மாட்டை விற்றார்கள். ஆட்டை மாமா வீட்டுக்குக் கொடுத்தார்கள். அம்மா கொழுந்துக் கூடையையும், அப்பா கவ்வாத்துக் கத்தியையும் ஒப்படைத்தார்கள். கத்தியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் அப்பா அதை ஒரு மணி நேரம் தீட்டிக்கொண்டிருந்தார். இனி யாரோ பிடிக்கப்போகிற கத்தி. அம்மியை எடுத்துப் போக முடியாது என்று அக்காவுக்குக் கொடுத்தாள் அம்மா. மச்சான் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அந்த அம்மியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விலாசம் எழுதிக் கொடுப்பதுதான் பெரிய வேடிக்கை. ஆளாளுக்கு நோட்டில் விலாசம் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது தாத்தா வாயில் இருந்த ஊர்ப் பெயர் மட்டும். 49 வருஷத்துக்கு முந்தைய விலாசம். அதைத்தான் நான் முப்பது நாற்பது பேருக்கு முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அந்த விலாசத்துக்கு யாராவது கடிதம் போட்டிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று, பிற்காலத்தில் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்க உட்கார்ந்தபோது எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

கடைத்தெருவில் எங்களுக்குப் பற்று வைத்துக் கொடுத்த சிங்கள முதலாளி ஒருவர். அப்பா கடனை எல்லாம் கட்டிவிட்டு விடைபெறப் போனார். அவர் உள்ளே போய் இரண்டு றாத்தல் பாண் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கு வழியில் கொடு என்று என் கையில் வைத்தார். பாணுக்குச் சனங்கள் அடித்துக்கொண்ட நேரம் அது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நடந்ததால்.

புறப்படுகிற அன்று காலையில் அம்மா காம்பராவைச் சாணம் போட்டு மெழுகினாள். "நாளைக்கு வேற ஆளு வரப்போறான், என்னாத்துக்கு?" என்று அப்பா சத்தம் போட்டார். அம்மா பதில் சொல்லாமல் வாசற்படி வரை மெழுகி முடித்துவிட்டுத்தான் சேலை மாற்றினாள். ஈரம் காயவில்லை. அதில் கால் வைக்காமல் ஒவ்வொருவராகத் தாண்டி வெளியே வந்தோம்.

ஹட்டன் ஸ்டேசன் நிரம்பி வழிந்தது. அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் நான்கு குடும்பம், சுற்றுத் தோட்டங்களில் இன்னும் பல. ஒரு குடும்பம் போக, வழியனுப்ப ஐம்பது பேர். மரப்பெட்டிகளில் தாரால் பெயரும் நம்பரும். கோச்சி வந்து நின்றதும் யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஒரு கிழவி மாரடித்து ஒப்பாரி எடுத்தாள். சாவுக்குச் சொல்கிற அதே ராகம். ஒருத்தி எடுத்ததும் பிளாட்பாரம் முழுக்க அழுகை. சன்னலுக்கு உள்ளே இருந்து நீளும் கை, வெளியே இருந்து பிடித்துக்கொண்ட கை. நான் அதற்கு முன் ஆண்கள் அப்படி அழுது பார்த்தது கிடையாது. கார்டு கொடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டாமல் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, நின்றார்.

என் அக்கா அழவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். "தம்பி, அம்மாவுக்கு வெறும் வயித்துல தேத்தண்ணி குடுக்காத. சின்னவளுக்குக் காது வலி வந்தா நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்து. பெட்டிச் சாவி அப்பாகிட்ட இருக்கா பாரு. கப்பல்ல ஓரத்துல நிக்காத." இதையே திரும்பத் திரும்ப. ஏதோ திருவிழாவுக்குப் போய் நான்கு நாளில் திரும்பப்போகிறவர்களுக்குச் சொல்வது போல. அம்மா அவள் கையைப் பிடித்தபடி, "போயிட்டு வாறோம் ஆயி, போயிட்டு வாறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், போகிறேன் என்று சொல்லக்கூடாது. கடைக்குப் போனாலும் போயிட்டு வாறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி நகரும்போது தாத்தா எழுந்து சன்னல் பக்கம் வந்தார். சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா தலையில் கை வைத்தார். "போறோம்த்தா" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். அன்று ராத்திரி முழுக்க அவள் அழுததைவிட மாமனாரைத் திட்டியதுதான் அதிகம். "வயசான மனுசன், என்ன வார்த்தை சொல்லிட்டாரு பாரு, வாய் விட்டுட்டாரே." தாத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தார். இருட்டில் எங்கேயோ எங்கள் பெட்டிகளைத் தலைமன்னார் வண்டியோடு கோத்துக்கொண்டிருந்தார்கள். தடால் தடால் என்று சத்தம். அப்போது சொன்னார்: "நான் ஆத்தாகிட்ட வந்துர்றேன்னு சொன்னேன். அது வாசலப் பாத்துக்கிட்டே கெடந்து செத்துச்சோ என்னவோ. இந்தப் புள்ள அப்படிக் கெடக்க வேணாம்."

அந்த வயதில் எனக்கு இது புரியவில்லை. அம்மா கட்சியில்தான் இருந்தேன்.

விடிந்ததும் தலைமன்னார். சுங்கத்தில் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு ராமானுஜம் கப்பல். சில மணி நேரப் பயணம்தான். இவ்வளவு பக்கத்திலா இந்தியா என்று ஆச்சரியமாக இருந்தது. ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். தாத்தாவுக்கு அங்கே உள்ளே நுழைந்ததும் நடை நின்றுவிட்டது. 1925ல் அவரைப் போக வைத்திருந்த அதே இடம். "இங்கதான்டா ஊசி போட்டான்" என்று தோளைத் தடவிக் காட்டினார். முகாமைச் சுற்றி நின்ற தரகர்கள் எங்கள் டார்ச் லைட்டையும் நைலான் சேலையையும் பாதி விலைக்கும் கால் விலைக்கும் பறித்த கதை தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நாங்கள் தமிழ்நாட்டில் இறங்கின அதே சமயத்தில்தான், 1964ல் தள்ளி வைத்த அந்த 1,50,000 பேரை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பங்கு பிரித்தார்கள். ஆளுக்குப் பாதி, 75,000, 75,000. முகாமில் யாரோ பேப்பர் வாசித்தார்கள். நாங்கள் சோற்று வரிசையில் நின்றிருந்தோம்.

எங்களைப் போன்றவர்களுக்கென்று 1968லேயே நீலகிரியில் வனத்துறை மூலம் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. பிற்பாடு டான்டீ ஆனது அதுதான். சிலரை நூற்பாலைகளுக்கு அனுப்பினார்கள், சிலரைக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்கு. அந்தமான் பக்கம் கச்சால் தீவுக்குக்கூடப் போனார்கள். ஒரே கோச்சியில் வந்த நான்கு குடும்பத்தில் ஒரு குடும்பத்தை மண்டபத்துக்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. எங்களுக்குச் சேரம்பாடிப் பக்கம். மறுபடியும் தேயிலை, மறுபடியும் மழை, மறுபடியும் லயம். அம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதல், இங்கேயும் மலைதானே என்று.

இரண்டு மாதம் கழித்து தாத்தாவை அப்பா துறையூர்ப் பக்கம் கூட்டிப் போனார், நானும் போனேன். அவர் சொன்ன அடையாளத்தில் ஒரு கிணறு மட்டும் இருந்தது. தம்பி மகன் ஒருவர் வீடு கண்டுபிடித்தோம். மரியாதையாகத்தான் பேசினார்கள், மோர் கொடுத்தார்கள். ஆனால் நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறோமோ என்ற சந்தேகம் அந்த வீட்டில் எல்லார் முகத்திலும் இருந்தது. தாத்தா தன் தாயார் எந்த வருஷம் செத்தார் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிட்டோம். தாத்தா அதன்பின் துறையூர்ப் பேச்சை எடுக்கவில்லை. 1979ல் சேரம்பாடியில் காலமானார்.

அக்காவோடு தொடர்பு நீலநிற ஏரோகிராம்தான். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எல்லாக் கடிதமும் "சீக்கிரம் வந்து பார்க்கிறோம்" என்று முடியும். அங்கிருந்து வருவதும் அப்படியே. யார் போவது? போக வரக் காசு வேண்டும், விசா வேண்டும். அக்கா வரலாம் என்றால் மச்சான் வீட்டுக் குடியுரிமைக் காகிதம் இழுத்துக்கொண்டே போயிற்று. காகிதம் இல்லாமல் பாஸ்போர்ட் ஏது? 1977ல் கலவரம், 1981ல் கலவரம், 1983 ஜூலையில் எல்லாவற்றுக்கும் மேலான கலவரம். அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் கடிதமே இல்லை. நான் அப்போது தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தேன். தினமும் பையைப் பிரிக்கும்போது நீலக் காகிதத்தைத் தேடும் கை. ஒரு நாள் வந்தது. "எல்லாரும் உயிரோட இருக்கோம், அம்மாகிட்ட சொல்லு" என்று இரண்டே வரி. அந்தக் காலத்தில்தான் கப்பலும் நின்றது. ஒப்பந்தத்தில் போக வேண்டியவர்களில் பலர் அங்கேயே தங்கிப்போனார்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது, பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேல். அங்கே மிச்சம் இருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003ல் வந்த சட்டத்தோடுதான் ஒரு வழியாகத் தீர்ந்தது.

அம்மா 1991ல் போய்விட்டாள். படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் கதவு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். அப்போதுதான் தாத்தா கோச்சியில் சொன்னது எனக்கு உறைத்தது. அக்காவுக்குத் தந்தி அடித்தோம். அது கைக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

2012ல், பிள்ளைகள் படிப்புக் கடன் எல்லாம் அடைந்த பிறகு, திருச்சியில் விமானம் ஏறிப் போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை கொழும்புக்கு. கொழும்பிலிருந்து ஹட்டனுக்குக் கோச்சியில்தான் போனேன். வேண்டுமென்றே. அதே பிளாட்பாரம். கூட்டமே இல்லாமல் பார்த்தபோது இவ்வளவு சின்ன ஸ்டேசனா என்று இருந்தது.

அக்காவுக்கு அறுபது வயது. அதே டிவிசன், அதே லயம், முன்னால் மட்டும் ஒரு அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள். மச்சான் இல்லை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று 38 வருஷம் நினைத்து வைத்திருந்தேன். அவள் வாசலில் நின்று, "கறுத்துப் போயிட்ட தம்பி" என்றாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தாள். அம்மாவின் அம்மி அடுப்படி மூலையில் இருந்தது. நடுவில் குழி விழுந்து தேய்ந்திருந்தது. சுவரில் அந்த ஸ்டூடியோ படம். எங்களுடைய பிரதி சேரம்பாடி மழையில் பூஞ்சை பிடித்து எப்போதோ போய்விட்டது. படத்தில் அக்கா இடுப்பில் இருந்த பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை.

பத்து நாள் இருந்தேன். ராத்திரி ராத்திரி பேசினோம். அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று நான்கு தடவை கேட்டாள். தாத்தா சொன்ன வார்த்தையைப் பற்றி நானே தயங்கித் தயங்கிக் கேட்டேன், அன்றைக்கு உனக்குக் கோபமா என்று. "கோவமா? அவரு ஒருத்தருதான் நெசத்தச் சொன்னாரு. நீங்கள்ளாம் வருவீங்கன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. அதனாலதான் இருந்துட்டேன்" என்றாள், அரிசி புடைத்துக்கொண்டே.

புறப்படுகிற நாள் வந்தது. மருமகன் ஆட்டோ கொண்டுவந்தான். ஸ்டேசன் வரைக்கும் வா அக்கா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஸ்டேசனுக்கு நான் வரல. நீயும் கோச்சியில போவாத. பஸ்ஸில போ" என்றாள். கோச்சி டிக்கெட் எடுத்தாயிற்று, பஸ்ஸைவிட அதுதான் சௌகரியம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறினேன்.